கேளாமல் வரும் அறிவித்தல்

கைத்தொலைபேசி வைத்திருப்போருக்கு இக்காலத்தில் நேரும் சிறு குழப்பங்களுள் ஒன்று, கேளாமல் வரும் ஓர் அறிவித்தலாகும். திரையைத் திறந்து ஒரு செய்தி எழுதத் தொடங்கும் வேளையிற் சட்டென ஒரு மெல்லொலி எழுகின்றது, கருவி ஒரு கணம் அதிர்கின்றது, "புதிய டேக் கிடைத்தது" என்றோ, "இந்த என்.எஃப்.சி. டேக்கைத் திறக்கத்தக்க செயலி இல்லை" என்றோ ஒரு வரி தோன்றுகின்றது. அழைத்தவர் பெயர் இல்லை. அனுப்பியவர் இலக்கம் இல்லை. மறுமொழி எழுதவும் வழியில்லை. சில நொடிகளில் அது மறைந்துபோகின்றது. மறுநாள் மீண்டும் வருகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய ஒரு வரி வெறும் தொந்தரவாக மாத்திரம் கொள்ளப்படுவதில்லை. நெடும்போரைக் கண்ட மண் இது. யார் பார்க்கின்றார், யார் கேட்கின்றார் என்னும் ஐயத்தோடு பல்லாண்டு வாழ்ந்தவர்களுக்கு, இனந்தெரியாத செய்தி எதுவும் இலேசான செய்தியன்று. மேலும், கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் பிள்ளைகள் அனுப்பும் பணம் வங்கிக்கு வருகின்றது. அவ்வங்கியின் செயலியும் அதே கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றது. பெரிய வீட்டில் முதியவர் ஒருவரோ இருவரோ மாத்திரம் வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய ஒருவர் இவ்வரியைக் கண்டவுடன், "யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்" என்று அஞ்சுவாராயின், அவ்வச்சத்தை நகைத்துத் தள்ளுதல் தகாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. அது அஞ்சுவோனைக் குறைகூறுகின்றது. ஆயினும் இருட்டில் உண்மையாகவே கள்வன் ஒருவன் நிற்பதும் உண்டு. பேயைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருப்பவன் கள்வனைக் காணத் தவறுகின்றான் என்பதே இங்குச் சிந்திக்க வேண்டியது. இந்த அறிவித்தல் பேயைப் போன்றது. கள்வன் வேறோரிடத்தில் நிற்கின்றான். இரண்டையும் வேறுபிரித்தறிதற்கு, என்.எஃப்.சி. என்னும் மூன்றெழுத்து யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

தமிழில் இதனை அண்மைப்புலத் தொடர்பு எனலாம். அருகில் வைத்த இரு பொருள்கள் கம்பியின்றித் தம்முட் பேசிக்கொள்ளும் முறை இது. நோக்கியா, பிலிப்ஸ், சோனி என்னும் மூன்று நிறுவனங்கள் 2004ஆம் ஆண்டில் ஒன்றுகூடி இதன் பொதுவிதிகளை வளர்ப்பதற்கு ஓர் அமைப்பை நிறுவின. 2010ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நெக்சஸ் எஸ் என்னும் கருவியோடு இம்முறை ஆண்ட்ரொய்ட் தொலைபேசிகளுட் புகுந்தது. 2014இல் ஐபோனிலும் இடம்பெற்றது. இன்று நடுத்தர விலையுள்ள தொலைபேசிகள் பலவற்றில், வாங்குபவர் கேட்டாலும் கேளாவிட்டாலும், இது அமைந்திருக்கின்றது. கருவியின் முதுகுப்புறத்தே, மூடியின் உட்புறத்தில், மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதுவே இதன் வாயும் செவியும் ஆகும்.

வானொலி நேயர்களுக்கு இச்சுருளின் தொழில் முற்றும் அந்நியமானதன்று. அது விநாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் மின்னலையை எழுப்புகின்றது. அதாவது அதன் மீடிறன் 13.56 மெகாஹேட்ஸ். பழைய வானொலிப் பெட்டியின் சிற்றலை வரிசையிலே 22 மீற்றர் என்று குறிக்கப்பட்ட பகுதி 13.57 மெகாஹேட்ஸில் தொடங்குகின்றது. தொலைபேசியின் முதுகிலுள்ள சுருள் அதற்கு அடுத்த வாசலிலேயே நின்று பேசுகின்றது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சிற்றலை நிலையத்தின் குரல் கடல் கடந்து செல்லும். இச்சுருளின் குரலோ சில விரற்கிடை தாண்டுமுன் அடங்கிவிடும். நிலையத்தின் உயர்ந்த அலைவாங்கிக் கம்பி அலையை வெளியில் வீசியெறிகின்றது. இச்சிறு சுருளோ தன்னைச் சூழ ஒரு காந்தப் புலத்தை மாத்திரம் உண்டாக்குகின்றது. சுருளினின்று சற்று விலகியபின், தூரம் இருமடங்கானால் அப்புலத்தின் வலிமை ஏறத்தாழ எட்டிலொன்றாகக் குறைந்துவிடும். ஆகவே நடைமுறையில் இரண்டு மூன்று விரற்கிடையும், மிகச் சிறந்த நிலையில் ஏறத்தாழ 10 சென்றிமீற்றரும் இதன் எல்லையாகும்.

இதிலிருந்து முதல் உண்மை தெளிவாகின்றது. இந்த அறிவித்தலை எழுப்பியவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கமுடியாது. எழுப்பிய பொருள் தொலைபேசியின் முதுகை ஒட்டினாற்போல இருந்திருத்தல் வேண்டும். பெரும்பாலும் அது தொலைபேசிக்கு உரியவரின் சொந்தப் பொருளாகவே இருக்கும்.

இரண்டாவது உண்மை இன்னும் வியப்பானது. பேசிய அப்பொருளுக்குள் மின்கலம் இல்லை. மின்கலமின்றி ஒரு பொருள் எவ்வாறு பேசும் என்று கேட்கலாம். உலகின் பிற பகுதிகளில் இதனை விளக்குதல் சற்றுக் கடினம். குடாநாட்டிலோ இக்கேள்விக்கு விடையை அனுபவத்தில் அறிந்தவர்கள் இன்னும் பலர் வாழ்கின்றனர்.

1990ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாடு நீண்டகாலம் தேசிய மின்வழங்கலினின்றும் துண்டிக்கப்பட்டிருந்தது. வானொலிக்கு இடும் உலர்மின்கலமும் அங்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் செய்தி கேட்கும் ஆவலைத் தடைசெய்ய முடியவில்லை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, சில்லோடு உராயும் தைனமோவிலிருந்து பெற்ற மின்னைக்கொண்டு அம்மக்கள் வானொலி கேட்டனர். ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து செவிமடுத்தனர். சுழற்றும் கை நின்றால் வானொலியின் குரலும் நின்றது.

தைனமோவினுள் நடப்பது யாது? காந்தம் ஒன்று கம்பிச்சுருளின் அருகே சுழல்கின்றது. மாறும் காந்தப் புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. இவ்வுண்மையை மைக்கல் பரடே 1831ஆம் ஆண்டில் இலண்டனிற் கண்டறிந்தார். வங்கி அட்டையினுள்ளும் அதே காரியமே நிகழ்கின்றது. அட்டையின் விளிம்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாதவாறு, சில சுற்றுக் கம்பி பதிக்கப்பட்டிருக்கின்றது. அதன் முனைகள் மிகச் சிறிய சில்லு ஒன்றோடு இணைந்துள்ளன. தொலைபேசியின் சுருள் எழுப்பும் மாறும் காந்தப் புலம் அட்டையின் கம்பியிற் படும்பொழுது, அங்கு மின் தோன்றுகின்றது, சில்லு விழிக்கின்றது, தன்னை இன்னதென்று கூறுகின்றது. புலம் நீங்கினால் அது மீண்டும் உறங்கிவிடுகின்றது. மிதியைச் சுழற்றும் கை இங்கே தொலைபேசியாகும்; வானொலிப் பெட்டி இங்கே அட்டையாகும்.

அட்டை தன் மறுமொழியை எவ்வாறு கூறுகின்றது என்பதையும் அதே துவிச்சக்கர வண்டி விளக்கும். இரவில் விளக்கேற்றி வண்டி மிதித்தவர்கள், தைனமோவைச் சில்லோடு பொருத்தியவுடன் மிதி சற்றுக் கனத்துப்போவதை அறிவார்கள். விளக்கு எரிவதற்குக் கொடுக்கும் விலை அது. அட்டையிலுள்ள சில்லு, தான் வாங்கும் மின்னைச் சற்றே கூட்டியும் குறைத்தும் காட்டுகின்றது. தொலைபேசியின் சுருள் அக்கனத்தின் ஏற்றவிறக்கத்தை உணர்ந்து, அதனை எழுத்தாகவும் இலக்கமாகவும் படிக்கின்றது. அட்டை தானாக எதனையும் ஒலிபரப்புவதில்லை. தனக்குக் கடனாகக் கிடைத்த மின்னைக்கொண்டு, கேட்டவருக்கு மறுமொழி கூறுகின்றது, அவ்வளவே.

ஆகவே, கேளாமல் வந்தது என்று தோன்றிய அறிவித்தல் உண்மையிற் கேளாமல் வந்ததன்று. கேட்டது தொலைபேசி. என்.எஃப்.சி. இயங்கும் நிலையில் விடப்பட்ட ஆண்ட்ரொய்ட் கருவி, தன் திரை திறந்திருக்கும்போதெல்லாம், "அருகில் யாரேனும் உண்டோ?" என்று சிறு சிறு இடைவெளிகளில் கேட்டுக்கொண்டேயிருக்கின்றது. அதன் உறைக்குள் வங்கி அட்டையைச் செருகி வைத்திருப்பவர்கள் பலர். கடைக்குப் போகும்போது தனியே ஒரு பணப்பை வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். திரையைத் திறந்ததும் தொலைபேசி கேட்கின்றது. முதுகில் ஒட்டிக்கிடக்கும் அட்டை மறுமொழி கூறுகின்றது. அம்மறுமொழியை என்ன செய்வதென்று அறியாத தொலைபேசி, தன் தடுமாற்றத்தை உரியவரிடம் சொல்லிவிடுகின்றது. திரை மூடியிருக்கும் வேளையில் அது பொதுவாகக் கேட்பதில்லை. ஆதலால் அப்போது அறிவித்தலும் இல்லை. ஐபோன்களில் வங்கி அட்டை பட்டமாத்திரத்தில் இத்தகைய வரி பொதுவாகத் தோன்றுவதில்லை. 2018ஆம் ஆண்டும் அதன் பின்னரும் வந்த ஐபோன்களில், இணைய முகவரி எழுதப்பட்ட சில்லு அருகில் வந்தால் அதற்குரிய அறிவித்தல் தோன்றும்.

வங்கி அட்டை ஒன்றே இதற்குக் காரணம் எனக் கொள்ளவும் வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் கடவுச்சீட்டை எண்ணிப்பார்க்கலாம். ஜேர்மனி 2005ஆம் ஆண்டிலிருந்தும், பிரித்தானியா 2006ஆம் ஆண்டிலிருந்தும் சில்லுப் பதித்த கடவுச்சீட்டுகளை வழங்குகின்றன. கனடா 2013ஆம் ஆண்டிலிருந்து அவற்றை எல்லோருக்கும் வழங்கத் தொடங்கிற்று. முகப்பிலே, நீள்சதுரம் ஒன்றின் நடுவில் வட்டம் அமைந்த சிறு குறி காணப்படுமாயின், உள்ளே சில்லு உண்டு என்பது பொருள். மேசையில் அக்கடவுச்சீட்டின்மேல் தொலைபேசியை வைத்து எடுத்தால் அறிவித்தல் எழக்கூடும். விடுதி அறையின் திறப்பு அட்டை, சில நூலகங்களின் நூல்களுள் ஒட்டப்பட்ட வில்லை, நீரிழிவு உள்ளோர் மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற உணரி ஆகியனவும் இவ்வாறே மறுமொழி கூறத்தக்கவை. துணிக்கடைகளில் ஆடையோடு தொங்கும் சில்லுகளோ பெரும்பாலும் வேறு மீடிறனில் இயங்குவன; தொலைபேசி அவற்றின் குரலைக் கேளாது.

இவை மறுமொழி கூறும்போது இரகசியம் வெளிப்படுமோ என்னும் கேள்வி அடுத்து எழும். கடவுச்சீட்டின் சில்லு தன் உள்ளடக்கத்தைப் பூட்டி வைத்திருக்கின்றது. உட்பக்கத்தில் அச்சிடப்பட்ட கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியனவே அப்பூட்டின் திறவுகோலாகப் பயன்படுகின்றன. மூடிய கடவுச்சீட்டை வெளியிலிருந்து தொட்ட கருவி அதனைத் திறக்கமாட்டாது. வங்கி அட்டை சற்றுத் தாராளமாகப் பேசும். அதன் இலக்கத்தையும் காலாவதித் தேதியையும் அருகிலுள்ள கருவியொன்று படித்தறியலாம். ஆயினும் முதுகிலே அச்சிட்ட மூன்றிலக்கமும், உரியவர் மனத்திலுள்ள இரகசிய இலக்கமும் அம்முறையில் வெளிப்படுவதில்லை. கடையிலே அட்டையைக் காட்டிப் பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் சில்லு அம்முறைக்கு மாத்திரம் உரிய ஒரு குறியைக் கணித்துக் கொடுக்கின்றது. அதனை இன்னொருமுறை பயன்படுத்த இயலாது. சொந்தத் தொலைபேசியும் சொந்த அட்டையும் உறைக்குள் உரசிக்கொண்டமையாற் பணம் குறைந்துபோவதில்லை.

இனி, கள்வன் நிற்கும் இடம் எது என்பதைக் காண்போருக்கு இரண்டு இடங்கள் புலப்படும்.

முதலாவது, பொது இடத்தில் ஒட்டப்பட்ட வில்லை. சிறு நாணயமளவான சில்லு வில்லைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. என்ரக் 213 என்னும் வகையில் எழுதத்தக்க இடம் 144 பைற்று மாத்திரம். தமிழெழுத்திலாயின் ஏறத்தாழ ஒரு குறட்பா அடங்கும் இடம். அதற்குள் ஒரு தீய செயலியை வைக்க முடியாது. ஆனால் ஓர் இணைய முகவரியை வைக்க முடியும். உணவகத்தின் மேசையிலோ சுவரொட்டியிலோ நல்ல நோக்கத்தோடு ஒட்டிய வில்லையின்மேல் தீயவன் ஒருவன் தன் வில்லையை ஒட்டினால், தொட்டவரின் தொலைபேசி அவன் காட்டும் பக்கத்துக்குச் செல்லும். அப்பக்கம் வங்கியின் பக்கம்போலத் தோன்றலாம். வில்லை வழிகாட்டுமேயன்றி எதனையும் பறிக்காது. பறிகொடுப்பவர் அப்பக்கத்தில் தம் கையால் இரகசியத்தை எழுதிக் கொடுப்பவரே.

இரண்டாவது இடம் இதனினும் கொடியது. செக் குடியரசில் நிகழ்ந்த ஒரு மோசடியை ஸ்லோவாக்கிய நாட்டின் ஈசெற் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிப்படுத்திற்று. வரிப்பணம் மீளக் கிடைக்கும் என்று முதலில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதனை நம்பியவர்களின் தொலைபேசியில் வங்கியின் செயலி போன்ற ஒரு போலிச் செயலி புகுந்தது. பின்னர், வங்கி அலுவலர் என்று கூறிக்கொண்டு ஒருவன் அழைத்தான். கணக்குக்கு ஆபத்து நேர்ந்துள்ளது, இரகசிய இலக்கத்தை உடனே மாற்றுங்கள் என்றான். என்.எஃப்.சி.யை இயக்கி, அட்டையைத் தொலைபேசியின் முதுகில் வைத்து, இரகசிய இலக்கத்தை எழுதுமாறு செயலி பணித்தது. அவ்வாறு செய்தபோது, அட்டை கூறிய மறுமொழி அத்தொலைபேசி வழியாகத் தொலைவில் நின்ற இன்னொருவனின் தொலைபேசிக்கு அஞ்சல் செய்யப்பட்டது. அவன் அதனை ஏ.ரி.எம். இயந்திரத்திற் காட்டிப் பணத்தை எடுத்தான். அட்டை உரியவரின் வீட்டிலேயே இருந்தது; பணமோ வீதியிற் போயிற்று.

இரண்டு மூன்று விரற்கிடை என்ற எல்லை இங்கு எவ்வாறு கடக்கப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். பௌதிக விதியை எவரும் மீறவில்லை. அட்டையைத் தொலைபேசிக்கு அருகிற் கொண்டுவந்தவர் அட்டைக்கு உரியவரே. கொண்டுவரச் செய்தது ஒரு மனிதக் குரல். அக்குரல் பணிவாகப் பேசிற்று; அவசரப்படுத்திற்று; அச்சத்தை முதலில் ஊட்டிப் பின்னர் உதவி செய்வதுபோல நடித்தது. திரையில் இனந்தெரியாத வரி ஒன்றைக் கண்டு ஏற்கெனவே கலங்கியிருக்கும் ஒருவரிடம், "உங்கள் தொலைபேசியில் யாரோ புகுந்துள்ளனர், அதனைச் சரிசெய்யவே அழைக்கின்றோம்" என்று அக்குரல் கூறுமாயின், அவர் அதனை நம்புவதற்கு நெடுநேரம் செல்லாது. பேய்க்கு அஞ்சியவரைக் கள்வன் எளிதிற் கைப்பற்றுகின்றான். அறிவித்தலின் காரணத்தை அறிந்தவரிடமோ அக்குரலுக்கு இடமில்லை.

செய்யவேண்டியவை மிகச் சில. அறிவித்தல் வந்தவுடன் தொலைபேசியின் உறையைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பார்த்தல் முதலாவது. அட்டை இருந்தால் அதனை எடுத்து வேறு பையில் வைத்துப் பார்த்தல் இரண்டாவது. அறிவித்தல் நின்றுவிடின், காரணம் கையிலேயே அகப்பட்டது. கம்பியின்றி மின்னேற்றும் தட்டின்மேல் அட்டையோடு தொலைபேசியை வைத்தல், அட்டையின் சில்லைப் பழுதாக்கக்கூடும் என்பதனாலும் இவற்றைப் பிரித்து வைத்தலே நன்று. அட்டையைத் தொலைபேசியோடு சேர்த்து வைத்தவர் இரண்டையும் ஒருங்கே தொலைத்தால், சிறு தொகைகளுக்கு இரகசிய இலக்கம் கேளாமலே கொடுப்பனவு நடைபெறத்தக்க இக்காலத்தில் நட்டம் இரட்டிப்பாகும். தொலைந்தவுடன் வங்கிக்கு அறிவித்தல் கடமையாகும். தொலைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் வழக்கம் இல்லாதவர்கள், ஆண்ட்ரொய்ட் கருவியின் அமைப்புப் பகுதியில் என்.எஃப்.சி. என்னும் பெயரைத் தேடி அதனை நிறுத்திவிடலாம். அதனால் அழைப்புக்கோ செய்திக்கோ இணையத்துக்கோ எவ்வித இடையூறும் நேராது. அட்டை, உறை, கடவுச்சீட்டு யாவும் விலக்கிய பின்னரும், எதன் அருகிலும் இல்லாதபோதும், அறிவித்தல் தொடர்ந்து வருமாயின், அப்பொழுது அக்கருவியை அறிந்தவர் ஒருவரிடம் நேரிற் காட்டுதல் தகும்.

இவற்றினும் மேலான விதி ஒன்று உண்டு. அட்டையைத் தொலைபேசியின்மேல் வைக்குமாறு அழைப்பில் எவர் கேட்டாலும், அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்குத் தாமே அழைத்து விசாரித்தல் வேண்டும். அல்லது வங்கிக் கிளைக்கு நேரிற் செல்லுதல் வேண்டும். நேர்மையான அலுவலர் எவரும் இதனாற் சினங்கொள்ளார்.

குடாநாட்டு முதியவர்கள் பலரின் கைத்தொலைபேசிகள் பிள்ளைகள் வாங்கி அனுப்பியவை. அவற்றில் எது இயங்குகின்றது, எது நிறுத்தப்பட்டுள்ளது என்பதை வைத்திருப்பவர் தெரிவு செய்ததில்லை. வேறொருவர் தெரிவு செய்து கொடுத்திருக்கின்றார். கருவியைக் கொடுத்தவர்கள் அதன் இயல்பையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். வாரந்தோறும் பேசும் பேச்சில் ஐந்து நிமிடம் இதற்குப் போதுமானது. சைக்கிள் தைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு, மின்கலமில்லாத பொருள் எவ்வாறு பேசும் என்பதைச் சொல்லிப் புரியவைத்தல் கடினமன்று. எடுத்துச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும் என்பதே குறை.